மேகத்துக்காகக் காத்திருந்த இருபத்து மூன்று நிமிடம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் வந்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கீழே பச்சையாக வயல்கள். ஓரத்தில் நாலைந்து உருண்டைப் பாறைகள். மேலே முக்கால் படத்தை அடைத்துக்கொண்டு ஒரு மேகம். அடி கறுப்பு, விளிம்பு தங்கம். நடுவில் ஒரு கிழிசல். அதன் வழியாக வெளிச்சம் இறங்கி ஒரே ஒரு வயலில் மட்டும் விழுகிறது.

ஞாயிறு காலையிலிருந்து மெசேஜ் மேல் மெசேஜ். இரண்டு வருஷமாக வாராவாரம் எழுதுகிறேன். என் எழுத்துக்கு ஒருநாளும் இவ்வளவு வந்ததில்லை. படத்துக்கு வந்ததில் கால்வாசி எழுத்துக்கு வந்திருந்தால்... சரி, விடுங்கள்.

அதில் ஒருவர் — செஞ்சி பக்கம், ஓய்வுபெற்ற தபால்காரராம் — பாராட்டெல்லாம் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். "இந்த மாதிரி ஒரு மேகத்துக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கணும் தம்பி?"

சரியாக இருபத்து மூன்று நிமிடம், ஐயா.

எப்படி இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேன் என்கிறீர்களா? உட்கார்ந்து கூட்டிப் பார்க்க வேண்டிய நிலைமை வந்தது. அந்தக் கதையை நான் போன வாரமே எழுதியிருக்க வேண்டும். படத்தை மட்டும் அனுப்பிவிட்டு, கீழே வேறு எதையோ எழுதி நிரப்பிவிட்டேன்.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு முபாரக்கைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு — திண்டிவனத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற என் நண்பன். நான் அதே ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவன் பைக், என் செகண்ட் ஹேண்ட் கேமரா, இரண்டு தண்ணீர் பாட்டில்... கிளம்பிவிடுவோம். மயிலம் மலைப்படியில் விடியற்காலை. மண்டகப்பட்டு குகைக்கோயில் தூணில் சாயங்கால வெயில். மரக்காணம் உப்பளத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். ஏறாத பாறை இல்லை, எடுக்காத வானம் இல்லை.

எடுக்காதது ஒன்றே ஒன்று. எங்கள் ஊர் மலை.

கண்டாச்சிபுரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது என் ஊர். மலை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி, பாறை மேல் பாறை. அரைமணி நேரம் ஏறினால் உச்சி. உச்சியில் மாடி வீடு உயரத்துக்கு ஒரு ஒற்றைக் கல்.

மலைக்குக் கிழக்கே, அடிவாரத்தில், தட்டையாக ஒரு பாறை. பள்ளிக்கூட மைதானம் அளவு இருக்கும். எங்கள் தெருவில் ஆறு குடும்பத்துக்கு அதுதான் களம். மல்லாட்டை அறுவடை சமயத்தில் — சென்னை வாசகர்களே, மல்லாட்டை என்றால் வேர்க்கடலை — முறை வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு ஐந்து நாள். அதற்குள் காயவைத்து, மூட்டை கட்டி, எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். ஆறாம் நாள் காலை அடுத்த வீட்டுக்காரர் கூடையோடு வந்து நிற்பார். இதற்கு எழுதிவைத்த சட்டம் கிடையாது. எனக்குத் தெரிந்து யாரும் மீறியதும் கிடையாது.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு எங்கள் முறையில் மூன்றாம் நாள். இன்னும் இரண்டு நாள் வெயில் பட்டால் மூட்டை கட்டிவிடலாம். மொத்த விளைச்சலும் பாறையில் பரப்பிக் கிடந்தது. ஒரு ஓரத்தில், அடுத்த விதைப்புப் பட்டத்துக்கு விதைக்கென்று அம்மா ஒவ்வொரு காயாகப் பார்த்துப் பொறுக்கி வைத்த குவியல் தனியாக.

அன்று காலை எழுந்து நானும் அம்மாவும் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தோம். துடைத்துவிட்ட மாதிரி நீலம். அம்மாவுக்கு முகம் மலர்ந்தது. எனக்குத் தொங்கிப்போனது. படம் எடுக்கிறவர்களுக்குத் தெரியும். மேகமில்லாத வானம் மாதிரி சப்பென்ற வானம் வேறு கிடையாது.

அன்றைக்குத்தான் எடுத்தாக வேண்டும். தங்கை செல்வி புதுச்சேரியில் நர்சிங் படிக்கிறாள். மறுநாள் ஹாஸ்டலுக்குத் திரும்புகிறாள். அவள் அலமாரிக் கதவில் ஒட்ட, மலை உச்சியில் அம்மா நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். முபாரக்கும் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. புல் அறுக்க, விறகு பொறுக்க, காணாமல்போன ஆட்டைத் தேட என்று அந்த மலையில் நூறு தடவை ஏறியவர். சும்மா ஏறுவது என்று ஒன்று இருப்பது அவருக்கு விளங்கவில்லை.

"மேல இன்னாடா இருக்குது? கல்லு இருக்குது. கீழயும் அதே கல்லுதான் இருக்குது."

அதோடு மல்லாட்டையை விட்டுவிட்டு எப்படி வருவது? அப்பா வேறு கோணிப்பை வாங்கக் கண்டாச்சிபுரம் போயிருந்தார்.

நான் செல்போனை எடுத்துக் காட்டினேன். விழுப்புரத்துக்கு மழை இல்லை என்று போட்டிருந்தது, பக்கத்தில் மஞ்சளாக ஒரு சூரியன் படத்தோடு. உச்சியிலிருந்து களம் நன்றாகத் தெரியும், கீழே இருப்பதைவிட அங்கிருந்து காவல் இருப்பது சுலபம், ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம் என்றெல்லாம் அடுக்கினேன். முபாரக் தன் பங்குக்கு, "வாங்கம்மா... நீங்க வரலன்னா இவன் என்னிய நிக்க வெச்சி எடுப்பான். அத எந்தக் கதவுல ஒட்றது?" என்றான். அதற்குத்தான் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினார்.

கிளம்பும்போது நான் ஒரு காரியம் செய்தேன். களத்து ஓரத்தில் மடித்து வைத்திருந்த ஃப்ளெக்ஸ் பேனரைத் தூக்கி முபாரக் தோளில் போட்டேன்.

அந்த பேனரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் டிகிரி முடித்தபோது அப்பா அடித்தது. கறுப்பு அங்கி, தலையில் தொப்பி, கையில் சுருட்டிய காகிதம் என்று நான் ஆளுயரத்துக்கு நிற்பேன். மேலே, "எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி". கீழே மாமன் மச்சான் முப்பது பேர் முகம். பஸ் ஸ்டாப்பில் ஒரு மாதம் கட்டியிருந்தது. அதற்குப் பிறகு அது எங்கள் வீட்டு தார்ப்பாய். மழை தூறினால் மல்லாட்டை மேல் என்னைத்தான் விரித்துப் போடுவார்கள்.

அதன் பின்பக்கம் வெள்ளை. படம் எடுக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம். வெயில் ஒருவர் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் இருட்டாக விழும். எதிரே வெள்ளையாக எதையாவது பிடித்தால் வெளிச்சம் திரும்பி முகத்தில் படும். ஸ்டுடியோக்காரர்கள் இதற்கென்றே ஒரு பொருள் வைத்திருப்பார்கள். நான் ஃப்ளெக்ஸ் வைத்திருந்தேன்.

"அத ஏண்டா தூக்கிக்கினு போற?" என்றார் அம்மா.

"தேவப்படும்மா."

"எனக்குந்தான் தேவப்படும்."

ஒரு மணி நேரந்தானே என்றேன். விட்டுவிட்டார்.

உச்சியில் நாங்கள் நின்ற விதத்தைக் கொஞ்சம் மனதில் வரைந்துகொள்ளுங்கள். மூன்று மணிக்கு மேல். சூரியன் மேற்கே. அம்மாவையும் செல்வியையும் மேற்குக்கு முதுகு காட்டி நிற்க வைத்தேன். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது கிழக்கே — கீழே களம், மல்லாட்டை, அதற்கப்பால் எங்கள் தெரு. எனக்குப் பக்கத்தில் முபாரக், முகத்துக்கு நேராக ஃப்ளெக்ஸைத் தூக்கிப் பிடித்தபடி. அவனுக்கு எதிரே என் பட்டமளிப்பு முகம்தான் தெரிந்திருக்கும். வேறொன்றும் தெரிந்திருக்காது.

மேற்கு தெரிந்தது எனக்கு ஒருவனுக்குத்தான்.

அம்மா படம் நாலு எடுத்தேன். நன்றாகவே வந்தது. ஐந்தாவது எடுக்கும்போது அம்மாவின் தோளுக்குப் பின்னால், தூரத்தில், திருவண்ணாமலைப் பக்கம் ஒரு வெள்ளைக் கொண்டை எழும்பியிருந்தது.

"போதும்மா. உக்காருங்க" என்றேன்.

மூன்று பேரும் ஒற்றைக் கல்லுக்குக் கிழக்கே நிழலில் உட்கார்ந்தார்கள். செல்வி தூக்குவாளியில் கொண்டுவந்த வேகவைத்த மல்லாட்டையைப் பிரித்தாள். நான் ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு கல்லைச் சுற்றி மேற்குப் பக்கம் போனேன். முதல் படம் எடுத்தது மூன்று நாற்பத்தொன்றுக்கு.

ஏழாம் வகுப்புக்கு மேகங்களின் வகை நடத்துகிறவன் நான். அடி தட்டையாகக் கறுத்து, தலை காலிஃப்ளவர் மாதிரி வீங்கிக்கொண்டே போனால் அது இடிமழை மேகம் என்று போர்டில் வரைந்து காட்டுவேன். தேர்வில் கேட்பேன். தப்பாக எழுதினால் சுழிப்பேன். அதே மேகம் எனக்கு நேராக, பாடப்புத்தகத்திலிருந்து எழுந்து வந்த மாதிரி வந்துகொண்டிருந்தது. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

மல்லாட்டை மறந்துபோனது என்று எழுதினால் அது பொய். ஞாபகம் இருந்தது. தூரத்தில்தானே இருக்கிறது, வடக்கே திரும்பிவிடும், இன்னும் இரண்டு படம்... இப்படித்தான் போனது. கேமராவைக் கண்ணில் வைத்துவிட்டால் இது ஒரு வசதி. மழை அந்தச் சின்னச் சதுரத்துக்குள் பெய்யப்போகிற மாதிரியே இருக்கும். நாம் நனைய மாட்டோம் என்று தோன்றும்.

காற்று மாறியது. கல்லுக்கு அந்தப் பக்கமிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"காத்து ஜில்லுனு வருதே. அந்தப் பக்கம் மேகம் கீகம் இருக்குதாடா?"

நான் கண்ணை எடுக்காமல் சொன்னேன். "தூரத்துல கொஞ்சமா இருக்குதும்மா. வராது."

அப்போது மணி என்ன என்று பிற்பாடு படத்தின் நேரத்தில் பார்த்தேன். மூன்று ஐம்பத்து நாலு.

அதற்குப் பிறகும் பத்து நிமிடம். மேகம் சூரியனை மூடியது. விளிம்பு பற்றிக்கொண்டது. நடுவில் ஒரு இடம் கிழிந்து, வெளிச்சம் கீழே இறங்கி ஒரு வயலைத் தொட்டது. எடுத்தேன். நாலு மணி நாலு நிமிடத்துக்கு. இரண்டு வருஷத்தில் நான் எடுத்த படங்களிலேயே அதுதான் நல்ல படம். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். அதில் பொய் சொல்லிப் பயனில்லை.

திரும்பிப் பார்த்தால் அம்மா நின்றிருந்தார். நிழல் எல்லாம் ஒரே இருட்டாக ஆனதும் எழுந்து கல்லைச் சுற்றி வந்திருக்கிறார். மேகத்தைப் பார்த்தார். ஸ்டாண்டில் மாட்டிய கேமராவைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். இறங்க ஆரம்பித்துவிட்டார்.

அரைமணி நேர மலையை அம்மா பத்து நிமிடத்தில் இறங்கியதை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இறங்கினேன். பிடிக்க முடியவில்லை. செல்வி அவருக்குப் பின்னால். முபாரக் ஃப்ளெக்ஸோடு "ஜல்தி மச்சான், ஜல்தி" என்று கத்திக்கொண்டே வந்தான். பாதி வழியில் காற்று அவன் கையிலிருந்து ஃப்ளெக்ஸைப் பிடுங்கியது. முப்பது உறவினர்களோடு நான் பறந்துபோய் வேலிக்காத்தான் முள்ளில் மாட்டிக்கொண்டேன். அதை எடுப்பதற்குள் முதல் துளிகள் விழுந்துவிட்டன.

களத்தில் எங்களுக்கு முன்னாலேயே ஏழுமலை மாமாவும் அத்தையும் நின்று அள்ளிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீடு. பாறையில் அடுத்த முறை அவர்களுடையது. தலைக்கு மேல் கறுத்ததும் தங்கள் வீட்டுச் சாக்குகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார்கள். ஆறு பேரும் கூடையால், முறத்தால், கையால் அள்ளினோம். பாதிதான் முடிந்தது. மீதி தண்ணீரோடு பாறைச் சரிவில் ஓடியது. விதைக் குவியல் ஓரத்துப் பள்ளத்தில் இருந்ததால் முதலில் மூழ்கியது அதுதான். கிழிந்த ஃப்ளெக்ஸை விரித்து மூடினோம். மேலே பார்த்துச் சிரித்தபடி நான் நனைந்துகொண்டிருந்தேன்.

மழை விட்டதும் மாமா துண்டைப் பிழிந்துகொண்டே கேட்டார். "கீழ இருக்கறவங்களுக்கு மல மறைக்குது. தலைக்கு மேல வந்தாத்தான் தெரியும். மேல இருந்தீங்களே... உங்களுக்குமா தெரியல?"

கேள்வி என்னைப் பார்த்து. பதில் அம்மாவிடமிருந்து வந்தது.

"திடீர்னு வந்திடுச்சிண்ணா. மேல இருந்த புள்ளைக்கே தெரியலன்னா பாத்துக்க."

சொல்லிவிட்டு அம்மா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

அவ்வளவுதான். ஒரு பொய் சொல்ல வாய்கூடத் திறக்க வேண்டியதில்லை.

மாமா நம்பினார். நம்பியதால்தான் அடுத்ததைச் சொன்னார். மழைக்கு யார் என்ன பண்ண முடியும், என் முறை ஐந்து நாளும் நீங்களே காயவைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அதற்கப்புறம் போதும் என்றார். அவர் வீட்டு மல்லாட்டை ஏற்கெனவே பிடுங்கியாகிவிட்டது. செடியோடு வயலில் போராகக் குவிந்து கிடந்தது. எத்தனை நாள் அப்படிக் கிடக்க முடியும் என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அப்பா கோணிப்பையோடு வந்து சேர்ந்தபோது எல்லாம் பேசி முடிந்திருந்தது. வீடு முழுக்க, கட்டில் மேல், செல்வியின் பெட்டி மேல், ஃபேனுக்கு அடியில் ஈர மல்லாட்டை. முபாரக் பைக்கை எடுக்கும்போது, "பேஜாரா பூடுச்சி மச்சான். அந்த ஃப்ளெக்ஸ நான் புடிச்சிக்கினு நின்னேன் பாரு..." என்றான். அவன் மேல் தப்பே இல்லை. அதையும் நான் அவனிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் திண்டிவனம் ரூமில் படங்களை லேப்டாப்பில் ஏற்றினேன். மேகம் மட்டும் நாற்பத்தொரு படம். ஒவ்வொன்றின் கீழும் நேரம் இருந்தது. மூன்று நாற்பத்தொன்றில் ஆரம்பித்து நாலு நாலில் முடிந்தது. கழித்துப் பார்த்தேன். அன்றைக்கு மழை களத்தில் இறங்கியது நாலே கால் சுமாருக்கு. முதல் படத்திலேயே குரல் கொடுத்திருந்தால் அதே பத்து நிமிடத்தில் இறங்கி வந்து, எல்லாவற்றையும் அள்ளி மூடிவிட்டு, டீயும் குடித்திருக்கலாம்.

ஆனால் கிழிசல் வெளிச்சம் கடைசிப் படத்தில்தான் இருந்தது. அதைத்தான் பத்திரிகைக்கு அனுப்பினேன்.

புதன்கிழமை அம்மா போனில் பேசும்போது, பேச்சோடு பேச்சாகச் சொன்னார். விதை மல்லாட்டை முளை கட்டிவிட்டதாம். இனி விதைக்கு ஆகாது, அடுத்த பட்டத்துக்கு வெளியில்தான் பார்க்க வேண்டும். "வேக வெச்சித் தின்னலாம். பாய் தம்பிக்கு ஒரு பை குடுத்து உடறேன்" என்றார்.

காலாண்டு லீவுக்குப் போன சனிக்கிழமை ஊருக்கு வந்தேன். ஞாயிறு காலை படம் வெளியானது. மெசேஜ்களைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. தபால்காரரின் கேள்வியைப் படிக்கும்வரை.

பத்து மணிக்கு அப்பா வந்தார். அவருக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும், படிக்கத் தெரியாது. டீக்கடையில் யாரோ என் பெயரைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். பேப்பரை வாங்கி, படம் வெளியே தெரிகிற மாதிரி மடித்து, சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். எடுத்து என் முன்னால் வைத்தார்.

"நம்ம மலதான இது?"

"ஆமாம்ப்பா."

"அன்னிக்கி எடுத்ததா?"

உள்ளே அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

சொல்லிவிட்டேன். மூன்று நாற்பத்தொன்று, நாலு நாலு, அம்மா கேட்டது, நான் வராது என்றது, ஏழுமலை மாமா முன்னால் தலையாட்டியது... எல்லாம். அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"இந்த மேகத்த நானும் பாத்தன்டா. கண்டாச்சிபுரம் டீக்கடையில உக்காந்துகினு இருக்கேன், மேக்கால எழும்புது. வண்டிய எடுத்துக்கினு கெளம்பலாம்னு எழுந்தேன். அப்பறம்... மேலதான் நீ இருக்கறியே, நீ பாத்துக்குவன்னு இன்னொரு டீ சொன்னேன்."

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். பேப்பரைத் திரும்ப மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

வாசகர்களே, என்னைப் பற்றி இரண்டு வருஷத்தில் பலர் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். அந்த இன்னொரு டீ மாதிரி என்னை யாரும் நம்பியதில்லை.

அன்று சாயங்காலமே ஏழுமலை மாமா வீட்டுக்குப் போனேன். மாமாவும் அத்தையும் போரைப் பிரித்து, செடியிலிருந்து காயைப் பறித்துக்கொண்டிருந்தார்கள். அடியில் இருந்த செடியெல்லாம் புழுங்கி, தொட்டாலே காய் உதிர்ந்தது. பக்கத்தில் கறுத்த காய்கள் ஒரு கூடை. அது எங்களுக்குக் கொடுத்த ஐந்து நாளின் விலை. உட்கார்ந்து நானும் ஒரு செடியை எடுத்துப் பறித்துக்கொண்டே சொன்னேன்.

மாமா கை நிற்கவில்லை. "அப்ப திடீர்னு வரல."

"இல்ல மாமா."

"உங்கம்மா சொன்னாளே?"

"என்னிய காட்டிக் குடுக்க வேணாம்னு சொல்லிச்சி."

மாமா இன்னும் இரண்டு செடி பறித்து முடித்தார். எனக்கு அங்கிருந்து எழவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. பிறகு மாமா என் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, அவ்ளோ நேரம் அந்த மேகத்துக்கு இன்னா, பவுடர் போட்டு உட்டுக்கினு இருந்தியா?"

அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமாவும் சிரிக்கவில்லை.

"நாளைலேர்ந்து என் முறை. உனக்கு லீவுதான? மதியானத்துக்கு மேல மல மேல ஏறி உக்காரு. படம் எடுப்பியோ, எடுக்காம இருப்பியோ, அது உன் இஷ்டம். மேகம் தெரிஞ்சா கொரல் குடு."

ஐந்து நாள் ஏறினேன். திங்கள் முதல் வெள்ளி வரை, மதியம் இரண்டு மணியிலிருந்து வெயில் தாழும்வரை. ஃப்ளெக்ஸ் கீழே களத்தில், கிழிந்த இடத்தை அப்பா கோணி ஊசியால் தைத்திருந்தார். மூக்குக்குக் குறுக்கே ஒரு தையல். புதன்கிழமை முபாரக் கடையை அரைநாள் மூடிவிட்டு வந்தான். தண்ணீர் பாட்டிலோடு ஏறி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் மேல் தப்பு இல்லை என்பதை அப்போதுதான் சொன்னேன். "தெரியும் மச்சான், நீ சொல்றியான்னு பாத்தேன்" என்றான்.

இந்த ஐந்து நாளில் மூன்று தடவை குரல் கொடுத்தேன். முதல் தடவை கீழே ஓடிவந்து எல்லாவற்றையும் அள்ளி மூடினார்கள். மேகம் அப்படியே வடக்கே போய்விட்டது. இரண்டாவது தடவை தூறல்கூட இல்லை. மூன்றாவது தடவை உள்ளங்கை அளவு ஒரு மேகம்... எனக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. மாமா கீழேயிருந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இதுக்கெல்லாமாடா கத்துவ?" என்று கத்தினார். ஆனாலும் மூடினார்.

இந்த வாரப் படம் வெள்ளிக்கிழமை எடுத்தது. நேரத்தையும் சொல்லிவிடுகிறேன், மூன்று நாற்பத்தொன்று. மேகம் இல்லை. தங்க விளிம்பு இல்லை. முழுக்க முழுக்க நீலம். கீழ் ஓரத்தில் பழுப்பாக ஒரு பாறை, அதன் மேல் எறும்பு மாதிரி ஒருவர் குனிந்து எதையோ கிளறிக்கொண்டிருப்பார். ஏழுமலை மாமா.

பத்திரிகை ஆபீசிலிருந்து போன் பண்ணிக் கேட்டார்கள். "வெறும் வானமா இருக்கே சார், இதுல என்ன இருக்கு?"

காய்ந்த மல்லாட்டை இருக்கிறது சார்.